பழைய காருக்குச் செயற்கைக்கோள் வானொலி: வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியதும் பொருத்தும் முறையும்

டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவிலிருந்து எல் பாசோவுக்கு இன்டர்ஸ்டேட் 10 சாலையில் ஏறத்தாழ 550 மைல் தூரம். கெர்வில் தாண்டியதும் எஃப்எம் நிலையங்கள் ஒவ்வொன்றாகத் தேயத் தொடங்கும். ஜங்ஷன், ஒசோனா, ஃபோர்ட் ஸ்டாக்டன் என்று ஊர் வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு நிலையம் தலைகாட்டும். ஊர் பின்னால் போனதும் அதுவும் இரைச்சலில் கரைந்துவிடும். நடுவில் பல இடங்களில் கைப்பேசிக்கும் சிக்னல் கிடைக்காது. அந்தச் சாலையில் மாதம் ஒருமுறையாவது தனியாகப் போய்வர வேண்டியிருந்ததால்தான், பழைய காராக வாங்கிய என் 2009 டொயோட்டா கொரோலாவில் செயற்கைக்கோள் வானொலி பொருத்தினேன். அந்த வேலையில் கற்றுக்கொண்டதையும், பிறகு நண்பர்களின் கார்களில் செய்தபோது தெரிந்துகொண்டதையும் வரிசையாக எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் பெரும்பாலானோர் கவலைப்படுவது டேஷ்போர்டைக் கழற்றுவதைப் பற்றி. அது பழகிவிடும் வேலை. உண்மையில் காரியம் கெடுவது இரண்டு இடங்களில்: காரில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாராமல் பொருள் வாங்குவது ஒன்று, ஆன்டெனாவைத் தவறான இடத்தில் வைப்பது மற்றொன்று. அந்த இரண்டுக்கும் அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

சிக்னல் எங்கிருந்து வருகிறது

அமெரிக்காவிலும் கனடாவிலும் இந்தச் சேவையைத் தருவது இன்று சிரியஸ்எக்ஸ்எம் மட்டுமே. தொடக்கத்தில் இவை இரண்டு போட்டி நிறுவனங்கள். எக்ஸ்எம் 2001 செப்டம்பரில் ஒலிபரப்பைத் தொடங்கியது. சிரியஸ் 2002இல் தொடங்கியது. 2008 ஜூலையில் இரண்டும் இணைந்தன. இந்தப் பழைய கதை நமக்கு எதற்கு என்றால், பழைய கார்களில் இருக்கும் கருவி இந்த இரண்டில் ஏதோ ஒன்றுக்காகச் செய்யப்பட்டது. சிரியஸுக்கான டியூனர் (சிக்னலைப் பிடித்து ஒலியாக்கும் பகுதி) எக்ஸ்எம் சிக்னலை எடுக்காது, எக்ஸ்எம் டியூனர் சிரியஸ் சிக்னலை எடுக்காது. பழைய உதிரிபாகம் தேடுபவர்கள் இங்கேதான் பணத்தை இழக்கிறார்கள்.

ஒலிபரப்பு 2320 முதல் 2345 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் வருகிறது. எஃப்எம் 100 மெகாஹெர்ட்ஸை ஒட்டியது. அது கட்டடங்களைச் சுற்றி ஓரளவு வளைந்து வரும். இந்த அலை அப்படி வளைவதில்லை. ஆன்டெனாவுக்கும் வானத்துக்கும் நடுவில் மறைப்பு இருக்கக்கூடாது. எக்ஸ்எம் வழிவந்த செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே நிலையாக நிற்பவை. ஆகவே வட அமெரிக்காவிலிருந்து பார்த்தால் அவை தெற்கு வானத்தில் இருக்கின்றன. வடக்கே போகப் போகத் தொடுவானத்தை நோக்கி இறங்கித் தெரியும். பெரிய நகரங்களில் உயர்ந்த கட்டடங்களின் நிழலைச் சமாளிக்கத் தரையிலும் மறுஒலிபரப்புக் கருவிகள் வைத்திருக்கிறார்கள். ரேடியோவும் சில நொடிகள் ஒலியைச் சேமித்துவைத்தே நமக்குத் தருகிறது. அதனால் ஒரு பாலத்துக்கு அடியில் கடந்துபோகும்போது பாட்டு அறுவதில்லை.

இந்தியாவில் 2000களில் வேர்ல்ட்ஸ்பேஸ் கேட்டவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் உங்களுக்கு இது புதிய அனுபவம் அல்ல. ஆசியாஸ்டார் செயற்கைக்கோள் வழியாகத் தமிழுக்கென்றே ஒரு நிலையமும் கர்நாடக இசைக்கு ஒரு நிலையமும் அதில் வந்தன. மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிச் சிக்னல் தேடிய வீடுகள் எத்தனையோ. 2009 இறுதியோடு இந்தியாவில் அந்தச் சேவை நின்றுபோனது. பெட்டியைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் சிலர் அதை இங்கே பயன்படுத்த முடியுமா என்று கேட்கிறார்கள். முடியாது. அலைவரிசையே வேறு.

முதல் வேலை: காரில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

எந்தக் கடைக்கும் போவதற்கு முன் காரில் உட்கார்ந்து பதினைந்து நிமிடம் செலவிடுங்கள். ரேடியோவின் முகப்பில் 'சாட்', 'எக்ஸ்எம்', 'சிரியஸ்' என்று எழுதிய பொத்தான் இருக்கிறதா? இல்லையென்றால் 'பேண்ட்' அல்லது 'சோர்ஸ்' பொத்தானை அழுத்திக்கொண்டே வாருங்கள். ஏஎம், எஃப்எம் தாண்டி அந்தப் பெயர்கள் வருகின்றனவா என்று பாருங்கள். பிறகு வெளியே வந்து கூரையைப் பாருங்கள். சுறாவின் துடுப்பு போன்ற மேடு இருந்தால் அதற்குள் செயற்கைக்கோள் ஆன்டெனா இருக்க வாய்ப்புண்டு. ஆனால் ஜிபிஎஸ் அல்லது தொலைபேசிக்கு மட்டுமே அந்தத் துடுப்பு வைத்த கார்களும் இருக்கின்றன. ஆகவே துடுப்பை மட்டும் நம்பி முடிவுக்கு வரவேண்டாம்.

அந்த வசதி வந்தால், காரைத் திறந்த வெளியில் நிறுத்தி, சேனல் எண் 0க்குப் போங்கள். பெரும்பாலான ரேடியோக்களில் அங்கே அந்தக் கருவியின் அடையாள எண் திரையில் தெரியும். எட்டு எழுத்து-எண்கள் அல்லது பன்னிரண்டு இலக்கங்கள். எண் தெரிந்தால் டியூனர் உள்ளே இருக்கிறது என்று பொருள். பிறகு சேனல் 1க்குப் போங்கள். அது சந்தா இல்லாதவர்களுக்கும் திறந்திருக்கும் மாதிரிச் சேனல். அதில் ஒலி வந்தால் ஆன்டெனாவும் நன்றாக இருக்கிறது. நீங்கள் ஒரு திருகாணியைக்கூடத் தொடவேண்டாம். சந்தா கட்டினால் போதும். பழைய காரை விற்பனையாளரிடம் வாங்கியிருந்தால் அவரிடம் கேளுங்கள். இந்தத் திட்டத்தில் சேர்ந்துள்ள விற்பனையாளர்கள் விற்கும் பழைய கார்களுக்கு மூன்று மாத இலவசச் சந்தா கிடைப்பதுண்டு. தனியாரிடம் வாங்கியவர்கள் காரின் விஐஎன் எண்ணை, அதாவது ஒவ்வொரு காருக்கும் உரிய தனி அடையாள எண்ணை, சிரியஸ்எக்ஸ்எம் தளத்தில் போட்டுப் பார்க்கலாம்.

என் நண்பர் ஒருவர் புதிய ரேடியோவை வாங்கி, டேஷ்போர்டைக் கழற்றும் நாளில் என்னை அழைத்தார். பழக்கத்தின் காரணமாக 'பேண்ட்' பொத்தானை நான்கு முறை அழுத்தினேன். எக்ஸ்எம் வந்தது. அடையாள எண்ணும் வந்தது. மூன்று ஆண்டுகளாக அந்தக் காரை ஓட்டியவருக்கு அது இருப்பதே தெரிந்திருக்கவில்லை. வாங்கிய பெட்டியைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தார்.

பொத்தான் இருக்கிறது, ஆனால் அழுத்தினால் ஆன்டெனாவைப் பார்க்கச் சொல்லும் செய்தி வருகிறது என்றால் ஆன்டெனா ஒயர் அறுந்திருக்கலாம், அல்லது கூரையில் உள்ள ஆன்டெனாவுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம். பொத்தான் இருந்தும் எந்த எதிர்வினையும் இல்லையென்றால், அந்த மாடலில் டியூனர் தனியாகப் பொருத்தும் துணைக்கருவியாக இருந்திருக்கலாம். உதிரிபாக யார்டில் அதே ஆண்டு, அதே மாடலிலிருந்து எடுத்த டியூனர் கிடைத்தால் சிக்கனமாக முடியும். இங்கேதான் சிரியஸா எக்ஸ்எம்மா என்று கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்.

எந்த வழி உங்களுக்கு?

காரில் ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டால் மூன்று வழிகள்.

எளியது, தனியாக நிற்கும் சிறிய ரிசீவர். டேஷ்போர்டில் ஒட்டி, சிகரெட் லைட்டர் துளையிலிருந்து மின்சாரம் எடுத்து, ஒலியை கார் ரேடியோவுக்கு அனுப்புவது. ஒலியை அனுப்ப வழி என்ன என்பதில்தான் தரம் இருக்கிறது. காரில் ஆக்ஸ் துளை (வெளிக்கருவியின் ஒலியை ஒயர் வழியே வாங்கும் துளை) இருந்தால் ஒரு ஒயர் போதும். ஒலி சுத்தமாக இருக்கும். புளூடூத் உள்ள காருக்கு அதன் வழியாக அனுப்பும் ரிசீவரும் உண்டு. இரண்டும் இல்லாத காரில் எஃப்எம் வழியாக அனுப்ப வேண்டும். காற்றில் அனுப்பும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன். சட்டம் அனுமதிக்கும் சக்தி மிகக் குறைவு. நகரத்துக்குள் நுழைந்ததும் நீங்கள் தேர்ந்தெடுத்த காலி அலைவரிசையில் உண்மையான நிலையம் ஒன்று வந்து மோதும். அதற்குப் பதிலாக, கார் ரேடியோவின் ஏரியல் ஒயருக்கு நடுவில் இணைக்கும் ஒயர் வகை எஃப்எம் மாடுலேட்டர் வாங்குங்கள். ரேடியோவைக் கொஞ்சம் வெளியே இழுக்க வேண்டியிருக்கும், ஆனால் பலன் பல மடங்கு.

இரண்டாவது, கார் நிறுவனத்தின் ரேடியோவை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் பின்புறம் சிடி சேஞ்சருக்காக விட்டிருக்கும் இணைப்பில் ஓர் இடைக்கருவியைச் செருகி டியூனரை இணைப்பது. டேஷ்போர்டின் தோற்றம் மாறாது. சில மாடல்களில் பாட்டின் பெயர்கூடப் பழைய திரையிலேயே வரும். ஆனால் உங்கள் மாடலுக்கும் ஆண்டுக்கும் சரியான இடைக்கருவி கிடைக்க வேண்டும். பல கார்களுக்கு இப்போது கிடைப்பதில்லை.

மூன்றாவது, ரேடியோவையே மாற்றுவது. பழைய கொரோலா, சிவிக், ரேஞ்சர் போன்ற கார்களுக்கு இதுவே நல்ல வழி என்பது என் கருத்து. அதே செலவில் புளூடூத்தும் யுஎஸ்பியும் சேர்ந்து கிடைக்கின்றன. கீழே விளக்கப்போவது இதைத்தான்.

ஆனால் எல்லாக் காருக்கும் இது பொருந்தாது. குளிர்சாதனக் கட்டுப்பாடும் காரின் அமைப்புகளும் ரேடியோ திரைக்குள்ளேயே இருக்கும் புதிய கார்களில் கை வைக்காதீர்கள். அமெரிக்காவில் 2018 மே மாதம் முதல் தயாரான எல்லாப் புதிய கார்களிலும் பின்பக்கக் கேமரா கட்டாயம். அதன் படம் ரேடியோ திரையில் வருகிறது என்றால், திரையை எடுத்தால் கேமராவும் போகும். அந்தக் கார்களுக்குத் தனி ரிசீவரே உகந்தது.

வாங்க வேண்டியவை

ரேடியோவின் பெட்டியில் 'சிரியஸ்எக்ஸ்எம் ரெடி' என்ற குறி இருக்க வேண்டும். பயனியர், கென்வுட், ஆல்பைன், ஜேவிசி, சோனி ஆகியவற்றில் இத்தகைய மாடல்கள் வந்திருக்கின்றன. பழைய பொருள் வாங்குபவர்கள் கவனிக்க: 'எக்ஸ்எம் ரெடி' அல்லது 'சிரியஸ் ரெடி' என்று தனித்தனியாக எழுதியது இரு நிறுவனங்களும் இணைவதற்கு முந்தைய தலைமுறை. இன்றைய டியூனர் அதில் நேரடியாகப் பொருந்தாது. 'ரெடி' என்ற சொல்லே பலரை ஏமாற்றுகிறது. அதற்குப் பொருள் துளை இருக்கிறது என்பதுதான். டியூனர் உள்ளே இருக்கிறது என்பதல்ல. டியூனரைத் தனியே வாங்க வேண்டும். எஸ்எக்ஸ்வி 300 என்ற மாடல்தான் இப்போது பரவலாகக் கிடைப்பது. உள்ளங்கையில் அடங்கும் கறுப்புப் பெட்டி; கூடவே காந்த ஆன்டெனாவும் வரும். நூறு டாலருக்குள் முடியும். அதற்குத் தனி மின் இணைப்பு வேண்டாம், ரேடியோவிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

ரேடியோவின் அளவு அடுத்தது. கார் ரேடியோக்களின் பொது அளவை 'டின்' என்பார்கள். ஒற்றை டின் என்றால் முகப்பின் உயரம் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர், இரட்டை டின் என்றால் 100. அகலம் இரண்டிலும் ஏறத்தாழ 180. டொயோட்டாவின் துளை 200 மில்லிமீட்டர் அகலமானது. ஆகவே இரட்டை டின் ரேடியோவை வைத்ததும் இரு பக்கமும் ஒரு விரல் நுழையும் இடைவெளி விழும். அதை மூடும் பிளாஸ்டிக் துண்டுகள் டேஷ் கிட் என்ற பொருத்துத் தொகுப்பில் வரும். பழைய ரேடியோவின் பக்கங்களில் உள்ள உலோகத் தகடுகளைக் கழற்றிப் புதியதில் மாட்ட வேண்டும். அவற்றைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

காரின் ஒயர்களை வெட்டாமல் இணைக்க ஹார்னஸ் அடாப்டர் (காரின் ஒயர்க்கட்டான ஹார்னஸின் பிளக்கில் செருகும் இணைப்பு) அவசியம். பழைய டொயோட்டாக்களுக்கு மெட்ரா நிறுவனத்தின் 70-1761 என்பது நெடுங்காலமாகப் பயன்படும் எண். ஐந்து டாலர் மிச்சம் பிடிக்கக் காரின் பிளக்கை வெட்டி எறிந்தவர்களின் வேலையை நான் திருத்தியிருக்கிறேன். ஒரு முழு நாள் போயிற்று. தொழிற்சாலை ஆம்ப்ளிஃபையர் உள்ள காருக்கு வேறு அடாப்டர் தேவை. ஸ்டியரிங்கில் ஒலிப் பொத்தான்கள் இருந்தால் அதற்கும் ஓர் இடைக்கருவி வாங்குங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் பலவற்றில் எச்சரிக்கை மணி ஒலியே ரேடியோ வழியாகத்தான் வரும். சாதாரண அடாப்டர் போட்டால் சீட் பெல்ட் மணி நின்றுவிடும். ஆகவே மணியைக் காப்பாற்றும் இடைக்கருவியைக் கேட்டு வாங்குங்கள்.

கருவிகளாக, 10 மில்லிமீட்டர் சாக்கெட், நட்சத்திரத் தலைத் திருப்புளி, பிளாஸ்டிக் நெம்புகோல்கள், ஒயர் கிரிம்ப் செய்யும் (உலோகக் குழாய்க்குள் ஒயர்களை வைத்து நசுக்கி இணைக்கும்) குறடு, துணி டேப், பிளாஸ்டிக் டை. இரும்புத் திருப்புளியால் டேஷ்போர்டை நெம்பினால் விழும் கோடு கார் உள்ளவரை கண்ணை உறுத்தும்.

கழற்றுதல்

ரேடியோவுக்குத் திருட்டுத் தடுப்புக் குறியீடு உள்ள காரா என்று முதலில் பாருங்கள். ஹோண்டா கார்கள் பலவற்றில் பேட்டரியைக் கழற்றியதும் ரேடியோ பூட்டிக்கொள்ளும். பழைய ரேடியோவை வைத்துக்கொள்ளும் திட்டம் என்றால் குறியீட்டை முன்பே எழுதிக்கொள்ளுங்கள்.

சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். கழற்றிய உடனே டேஷ்போர்டில் கை வைக்காதீர்கள். ஏர்பேக் அமைப்பில் மின்சாரம் சிறிது நேரம் தேங்கி நிற்கும். டொயோட்டா தன் கையேடுகளில் குறைந்தது 90 நொடி காத்திருக்கச் சொல்கிறது. நான் ஐந்து நிமிடம் காத்திருப்பேன். வேலையின் நடுவில் எங்கே மஞ்சள் நிறப் பிளக்கைக் கண்டாலும் அது ஏர்பேக்குக்கானது, தொடவே வேண்டாம்.

கியர் லிவருக்கு முன்னால் ஒரு பழைய துண்டை விரியுங்கள். ரேடியோவைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டங்கள் கிளிப்புகளில் நிற்பவை. நெம்புகோலை ஓரத்தில் செருகி, ஒரே இடத்தில் பலம் கொடுக்காமல் சுற்றிச் சுற்றித் தளர்த்துங்கள். கிளிப் விடும்போது 'டக்' என்று பெரிய ஓசை வரும். உடைந்துவிட்டதோ என்று முதல்முறை நெஞ்சு பதறும். குளிர்காலத்தில் பிளாஸ்டிக் உண்மையிலேயே உடையக்கூடியதாக இருக்கும். ஆகவே காரை வெயிலில் நிறுத்தியோ ஹீட்டரைச் சிறிது நேரம் ஓட்டியோ தொடங்குங்கள். சட்டத்தின் பின்னால் ஏதாவது சுவிட்சின் ஒயர் இருந்தால் இழுக்காமல் பிளக்கைக் கழற்றுங்கள்.

கொரோலாவில் ரேடியோவை நான்கு 10 மில்லிமீட்டர் போல்ட்கள் பிடித்திருக்கும். கடைசிப் போல்ட்டைக் கழற்றும்போது விரலை அடியில் வைத்திருங்கள். டேஷ்போர்டின் இருட்டுக்குள் விழுந்த போல்ட்டைத் தேடுவதைவிட எரிச்சலான வேலை இல்லை. ரேடியோவை ஒரு சாண் வெளியே இழுத்ததும், எதையும் பிடுங்குவதற்கு முன், பின்புறத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒயர் வேலை மேசையில்

ஹார்னஸ் அடாப்டரையும் புதிய ரேடியோவின் ஒயர்க்கட்டையும் வீட்டுக்குள் கொண்டுவந்து, நல்ல வெளிச்சத்தில் இணையுங்கள். காரில் குனிந்தபடி செய்தால் நிறம் மாறிவிடும். சந்தையில் வரும் ரேடியோக்களின் நிறங்கள் பெரும்பாலும் ஒரே ஒழுங்கில் இருக்கும். மஞ்சள் எப்போதும் மின்சாரம் உள்ள ஒயர், சிவப்பு சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வருவது, கறுப்பு எர்த். வெள்ளை இடது முன் ஸ்பீக்கர், சாம்பல் வலது முன், பச்சை இடது பின், ஊதா வலது பின். அதே நிறத்தில் கறுப்புக் கோடு போட்டது அந்தந்த ஸ்பீக்கரின் நெகட்டிவ். மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினால் ஒவ்வொரு முறை காரை நிறுத்தும்போதும் ரேடியோ தன் நினைவை இழக்கும். நிறத்தை நம்புவதோடு நிற்காமல் கையேட்டோடும் ஒப்பிடுங்கள்.

நீல ஒயரை மறக்காதீர்கள். பின் கண்ணாடியிலோ கூரையிலோ ஏரியலுக்கு ஒரு சிறு பூஸ்டர் உள்ள கார்களில் அந்த ஒயர்தான் அதற்கு மின்சாரம் தருகிறது. அதை விட்டுவிட்டு, புதிய ரேடியோவில் எஃப்எம் சரியாக எடுக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. ஒயரை முறுக்கி டேப் சுற்றுவது வேலையே அல்ல. கோடை வெயிலில் பசை உருகி டேப் பிரிந்துவிடும். கிரிம்ப் செய்யுங்கள், அல்லது சால்டர் வைத்துச் சுருங்கும் குழாய் போடுங்கள்.

ஆன்டெனா: இங்கே அவசரம் வேண்டாம்

நான் முதலில் செய்த தவறு இதுதான். ஒயரைக் கார் முழுக்க இழுக்கச் சோம்பி, ஆன்டெனாவை முன் கண்ணாடிக்குக் கீழே டேஷ்போர்டின் மேல் ஒட்டினேன். வீட்டு வாசலில் சிக்னல் நன்றாகவே வந்தது. மறுநாள் தெற்கே போனபோதும் குறையில்லை. வடக்கு நோக்கித் திரும்பியதும் ஒலி விட்டுவிட்டு வந்தது. காரணம் எளிது: சிக்னல் தெற்கு வானத்திலிருந்து வருகிறது. வடக்கே போகும் காரில் டேஷ்போர்டுக்கும் தெற்குக்கும் நடுவில் காரின் கூரையே நிற்கிறது.

ஆன்டெனாவின் இடம் கூரைதான். அடியில் உலோகம் இருந்தால்தான் அது முழுத்திறனோடு வேலை செய்யும், காந்தமும் பிடிக்கும். கூரையின் ஓரத்திலிருந்து குறைந்தது மூன்று அங்குலம் உள்ளே வையுங்கள். லக்கேஜ் கம்பி, சன்ரூஃப், மற்ற ஆன்டெனாக்களிலிருந்து விலகி இருக்கட்டும். பக்கவாட்டில் அல்லாமல் நடுக்கோட்டில் இருந்தால் எந்தத் திசையில் திரும்பினாலும் ஒரே மாதிரி எடுக்கும். வைப்பதற்கு முன் அந்த இடத்தைக் கழுவித் துடையுங்கள். மணல் துகள் ஒன்று அடியில் சிக்கினாலும் காற்றின் அதிர்வில் பெயின்ட்டை அரித்துவிடும்.

டிக்கி உள்ள காரில் ஒயர் போகும் வழி இது: கூரையின் பின்பகுதியில் நடுவில் ஆன்டெனா. ஒயரைப் பின் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்புக்கு அடியில், மழுங்கிய பிளாஸ்டிக் நெம்புகோலால் அங்குலம் அங்குலமாக அழுத்தி, கண்ணாடியின் கீழ் மூலைக்குக் கொண்டுவாருங்கள். அங்கிருந்து டிக்கிக்குள் நுழையும் இடம் முக்கியம். டிக்கி ரப்பரின் தாழ்வான பகுதி வழியாகவே உள்ளே போகட்டும். நுழைவதற்கு முன் ஒயர் சற்றுக் கீழே தொங்கி மேலேறட்டும். அப்போதுதான் மழைநீர் ஒயரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வராமல் வளைவிலேயே சொட்டிவிடும். டிக்கியிலிருந்து பின் இருக்கைக்கு அடியில், பிறகு கதவுப் படியின் பிளாஸ்டிக் மூடிக்குக் கீழே, முன்பக்கக் கால்வைக்கும் இடம் வழியாக டேஷ்போர்டுக்கு. ஆன்டெனாவோடு வரும் ஒயர் ஒரு செடான் காருக்குத் தாராளமாகப் போதும்.

கூரையோரத்திலும் முன் கண்ணாடித் தூண்களிலும் பல கார்களில் பக்க ஏர்பேக் மடிந்திருக்கும். அதன் முன்னால் ஒயர் ஓடக்கூடாது. விபத்தின்போது ஏர்பேக் விரியும் வழியை அது மறிக்கும். சிறிது வேலை கூடினாலும் தரைவழியே கொண்டுபோங்கள்.

மிஞ்சும் ஒயரை வெட்டிச் சுருக்கக்கூடாது. இது சாதாரண ஒயர் அல்ல. நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றிக் காப்பு, அதற்கு மேல் வலை என்று அமைந்த கோஆக்சியல் ஒயர். கூர்மையாக மடித்தாலோ கதவு நசுக்கினாலோ உள்ளே இடைவெளி மாறிச் சிக்னல் செத்துவிடும். மிஞ்சியதை ஒரு தட்டு அகலத்துக்குச் சுற்றி இருக்கைக்கு அடியில் தளர்வாகக் கட்டிவையுங்கள்.

சேர்த்து, சோதித்து, பிறகு மூடுங்கள்

டியூனரை டேஷ்போர்டின் பின்னால், ஹீட்டர் குழாயிலிருந்து விலகிய இடத்தில் டை போட்டுக் கட்டுங்கள். ஆடினால் மேடுபள்ளத்தில் கடகடவென்று ஓசை வரும். ரேடியோவுக்குப் போகும் அதன் வட்டப் பிளக்கில் மெல்லிய ஊசிகள் இருக்கும். திசை பார்த்து நேராகச் செருகுங்கள், திருகினால் வளைந்துவிடும். ஆன்டெனாப் பிளக் 'க்ளிக்' என்று உட்கார வேண்டும்.

எல்லாவற்றையும் இணைத்த பிறகு, சட்டங்களை மூடுவதற்கு முன்னால், பேட்டரியை இணைத்துச் சோதியுங்கள். நான்கு ஸ்பீக்கரும் தனித்தனியே பாடுகின்றனவா? எஃப்எம் எடுக்கிறதா? சாவியை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டால் நேரமும் நிலையமும் நினைவிருக்கின்றனவா? எச்சரிக்கை விளக்கும் ஏசியும் வேலை செய்கின்றனவா? பிறகு காரை வானம் தெரியும் இடத்துக்கு நகர்த்தி, சேனல் 0இல் அடையாள எண்ணைப் படம் எடுங்கள். அந்த எண்ணில் ஐ, ஓ, எஸ், எஃப் என்ற ஆங்கில எழுத்துகள் வராது. ஓ போலத் தெரிவது பூஜ்யம், எஸ் போலத் தெரிவது ஐந்து. சேனல் 1இல் ஒலி வந்ததும் பேட்டரியை மறுபடி கழற்றி, ரேடியோவை உள்ளே தள்ளுங்கள். உள்ளே போக மறுத்தால் பலம் கொடுக்காதீர்கள். பின்னால் ஒயர்க்கட்டு குவிந்திருக்கும். அதைக் கீழ்ப்பக்கம் இறக்கிவிட்டால் தானாகவே போகும்.

சந்தா

பொருத்தும் வேலை முடிந்தபின்தான் சந்தா எடுங்கள். முன்பே எடுத்தால் நாள்கள் வீணாகும். அடையாள எண்ணைக் கொடுத்ததும் செயற்கைக்கோள் வழியாக உங்கள் ரேடியோவுக்குத் திறவுச் செய்தி வரும். அதற்குக் கார் திறந்த வெளியில் இருக்க வேண்டும், ரேடியோ சேனல் 1இல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கால் மணி நேரம் பொறுத்தும் திறக்கவில்லையென்றால் சிக்னலை மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்கலாம்.

அறிமுகக் கட்டணம் முடியும் தேதியை நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு தானாகப் புதுப்பிக்கப்படும் கட்டணம் பல மடங்காக இருக்கும். நிறுத்தப் போவதாகச் சொன்னால் குறைந்த கட்டணம் தர முன்வருவது வழக்கம். சந்தாவை நிறுத்த வாடிக்கையாளர்களை நெடுநேரம் காக்க வைத்த முறை பற்றி நியூயார்க் மாநிலம் தொடுத்த வழக்கில், அது மத்தியச் சட்டத்துக்கு முரணானது என்று 2024 நவம்பரில் தீர்ப்பு வந்தது. நிறுத்தக் கேட்டால் நிறுத்துவது உங்கள் உரிமை. தேதியையும் உறுதி எண்ணையும் எழுதிவையுங்கள்.

பிறகு வரும் கோளாறுகள்

ஆன்டெனாவைப் பார்க்கச் சொல்லும் செய்தி வந்தால் முதலில் டியூனரில் அந்தப் பிளக்கைக் கழற்றி மாட்டுங்கள். போகவில்லையென்றால் கதவுப் படியும் டிக்கி ரப்பரும் உள்ள இடங்களில் ஒயர் நசுங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். டியூனரைப் பார்க்கச் சொன்னால் வட்டப் பிளக் சரியாக உட்காரவில்லை. சிக்னல் இல்லை என்று மட்டும் வந்தால் மரத்தடியிலோ கராஜிலோ நிற்கிறீர்கள். வெளியே வந்தால் சரியாகும். மாதிரிச் சேனல் மட்டும் பாடினால் கருவியில் குறையில்லை, சந்தாச் செய்தி வந்து சேரவில்லை.

கழற்றிய பழைய ரேடியோவையும் அதன் போல்ட்களையும் ஒரு பையில் போட்டு, காரின் ஆண்டையும் மாடலையும் எழுதி அலமாரியில் வையுங்கள். ஹார்னஸை வெட்டவில்லை என்பதால், காரை விற்கும் நாளில் ஒரு மணி நேரத்தில் அதைத் திரும்ப மாட்டிவிட்டு, புதிய ரேடியோவையும் டியூனரையும் ஆன்டெனாவையும் அடுத்த காருக்கு எடுத்துக்கொண்டு போகலாம். சந்தா அடையாள எண்ணோடு கட்டப்பட்டது. டியூனர் உங்களோடு வந்தால் சந்தாவும் கூடவே வரும். காரோடு விட்டுவிட்டுப் போவதாக இருந்தால், சாவியைக் கொடுப்பதற்கு முன் சந்தாவை உங்கள் பெயரிலிருந்து நீக்கிவிடுங்கள்.